முந்நூற்று நாற்பத்தொன்றாம் நாள்

சவரியம்மாளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. கூட்டுவாள், குடிதண்ணீர் பிடித்து வைப்பாள், வருகைப் பதிவேடுகளை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள், மணி அடிப்பாள். மணி என்று சொல்வது மரியாதைக்காக. சுரங்கத்தில் கழித்துப் போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அவள் இரும்புக் கம்பியால் ஓங்கி ஒரு போடு போட்டால் இரண்டு பிளாக் தள்ளிக் குடியிருப்பவர்களும் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பதினோரு வருஷம் இப்படி அடித்தும் அவள் கான்ட்ராக்ட்தான். பெர்மனன்ட் லிஸ்டில் உன் பெயர் இருக்கிறது என்று வந்த தலைமையாசிரியர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்த லிஸ்டை அவள் கண்ணால் கண்டதில்லை.

இன்னொரு வேலையும் அவளுக்கு இருந்தது. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. வடக்குத்து என்கிற பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்தப் பள்ளிக்குப் பதினான்கு பிள்ளைகள் நடந்து வந்தார்கள். வாசல் வளைவான ஆர்ச்சுக்கு எதிரே பெரிய ரோட்டைக் கடந்துதான் நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் நுழைய வேண்டும். சேத்தியாத்தோப்புக்கும் கும்பகோணத்துக்கும் போகிற பஸ்கள், ஜல்லி லாரிகள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். சவரியம்மாளின் வீடும் வடக்குத்தில்தான். தினமும் காலை எட்டே காலுக்குப் பிள்ளைகளை ஓரமாக வரிசையில் நிறுத்திவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நடு ரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்து நிற்பாள். "யோவ், கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது?" என்று அவள் போடுகிற சத்தத்தில் பஸ்ஸே நின்றுவிடும். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. இதை எந்தப் பலகையிலும் யாரும் எழுதிப் போடவில்லை.

எழுதிப் போட்ட பலகை வேறு. சுரங்கத்தில், அனல்மின் நிலையத்தில், வாசலுக்கு வாசல் ஒரு பலகை இருக்கும்: விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று. யாராவது அடிபட்டால் அன்றைக்கு எண் சைபருக்கு வரவேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர். நெய்வேலியில் கொஞ்சம் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர்கள் கூடி சாலைப் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். கூட்டம் போட்டு, பிஸ்கட் சாப்பிட்டு, பள்ளிகளுக்கும் அந்த மாதிரிப் பலகை வைத்துவிட்டால் ரோட்டில் பிள்ளைகள் சாகமாட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள். எந்தப் பள்ளியின் மாணவரும் பள்ளிக்கு வரும்போதோ போகும்போதோ அடிபடாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாள் முடிகிறதோ, அந்தப் பள்ளிக்கு ஒரு கேடயம். வேகமாய் வருகிறவனைப் பிடிக்க ஒரு ஆள் போடுவோமா, ஆர்ச்சு எதிரில் ரோட்டில் ஒரு மேடு போடுவோமா என்று யாருக்கும் தோன்றவில்லை. பலகை வைப்பது சுலபம்.

எண்பத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதம் பலகை வந்தது. கறுப்புத் தகரம், மேலே வெள்ளை எழுத்து, கீழே மூன்று ஆணி. எண்களைத் தனித்தனித் தகடுகளில் எழுதிக் கொடுத்தவர் டிராயிங் மாஸ்டர் பழனிவேல். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியரும் அவர்தான். அந்தத் தகடுகளைத் தினமும் மாற்றுவது சவரியம்மாளின் வேலையோடு போய் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு வந்தால் திங்களன்று இரண்டு சேர்த்துக் கூட்டி மாட்டுவாள். பெரிய பரீட்சை லீவில்கூட வந்து மாட்டிவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியர் கோபாலகிருஷ்ணனுக்கு அந்தப் பலகைமேல் அப்படி ஒரு பிரியம். காலையில் சைக்கிளிலிருந்து இறங்கியதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கமாட்டார், பலகையைத்தான் பார்ப்பார். நூறு ஆனபோது பிரேயரில் பத்து நிமிஷம் பேசினார். இருநூறு ஆனபோது பேச்சு அரை மணி நேரம் நீண்டு, நாலாவது படிக்கிற ஒரு பையன் வெயிலில் மயங்கி விழுந்தான். அது சாலை விபத்து இல்லை என்பதால் எண் குறையவில்லை.

எண்பத்தாறு பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சங்கத்தார் பலகையைப் பார்வையிட வருவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

"சவரியம்மா, நாளைக்கு ஏழு மணிக்கே வந்துடணும். பலகை பளபளன்னு இருக்கணும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிடு."

"ஏழு மணிக்கா சார்? எட்டே காலுக்குப் புள்ளைங்கள ரோடு தாண்ட வெச்சிட்டு வரணும் சார்."

"ஒருநாள் அதுகளே தாண்டி வரும். வாரா வாரம் வகுப்புல சொல்லிக் கொடுக்கிறோமே, வலது பக்கம் பார், இடது பக்கம் பார்னு. எதுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்?"

சவரியம்மாள் ஏழு மணிக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள், லிஸ்டில் பெயர் இருக்கிறதே. மண்ணெண்ணெயில் பழந்துணியை நனைத்து, கறுப்பு மினுமினுக்கிற வரை தேய்த்தாள். மூன்று, நாலு, ஒன்று என்று தகடுகளை மாட்டினாள். ஒன்றை மாட்டிவிட்டு ஸ்டூலில் இருந்து இறங்கும்போதுதான் வடக்குத்துப் பையன் ஒருவன் செருப்பில்லாமல் ஓடிவந்தான்.

ஆறாம் வகுப்பு பி, அம்சவல்லி. பதினோரு வயசு. வலது பக்கமும் பார்த்தாள், இடது பக்கமும் பார்த்தாள், சொல்லிக் கொடுத்தபடியே பார்த்தாள். பஸ்ஸை முந்திக்கொண்டு, வரக்கூடாத பக்கத்தில் வந்த ஜல்லி லாரிக்கு அந்தப் பாடம் தெரியாது.

சவரியம்மாள் ஓடிப் போய்ப் பார்த்தபோது பிள்ளைமேல் யாரோ வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள். அம்மாக்காரி வீராயி முந்திரித் தோப்பில் கூலி வேலைக்குப் போயிருந்தாள். அவளை அழைத்துவர ஆள் போயிருந்தது. அவள் வந்து விழுந்து புரண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மறுநாள் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். விடியற்காலையில் மாதா கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அதோடு பள்ளிக்கு வந்தாள் சவரியம்மாள். தகடுப் பெட்டியிலிருந்து சைபரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்றாள். தலைமையாசிரியர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன அது கையில?"

"சைபர் சார்."

"சைபர் எதுக்கு? முந்நூத்து நாப்பத்திரெண்டு. கணக்குத் தெரியாதா உனக்கு?"

"புள்ள செத்துப்போச்சே சார்."

"அது ஆர்ச்சுக்கு வெளியில. நம்ம எல்லையில இல்ல. போ, மாட்டிட்டு மணி அடி."

அவள் மாட்டினாள். இதை மறைத்துச் சொல்லி அவளுக்குப் புண்ணியம் தேடித்தர நான் தயாரில்லை. நெற்றியில் சாம்பலோடு நின்று முந்நூற்று நாற்பத்திரண்டை அவள் கையாலேயே மாட்டினாள். மறுநாள் நாற்பத்து மூன்று. வீட்டில் அவள் புருஷன் இன்னாசிராஜ், அவனும் சுரங்கத்தில் கான்ட்ராக்ட், "வாய மூடிகினு இரு. லிஸ்டு வந்துகினு இருக்குதாம்" என்றான். அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் எல்லை என்று சொல்லிச் சமாளிக்க முடியாது என்பது தலைமையாசிரியருக்கும் தெரியும். சங்கத்தின் விதியில் எல்லை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கு வரும்போது, போகும்போது என்றுதான் இருந்தது. மனிதர் யோசித்தார். படித்த மூளை, சும்மா இருக்குமா? வந்தவள் மாணவியாக இருந்தால்தானே விபத்து? மாணவியே இல்லை என்றால்?

பழனிவேல் மாஸ்டர் ஒரு மத்தியானம் முழுக்க ஓவிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாம் வகுப்பு பி பிரிவின் வருகைப் பதிவேடு புதிதாகப் பிறந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பெயரையும் முத்து முத்தாகத் திரும்ப எழுதி, அம்சவல்லிக்கு மட்டும் ஜனவரிக் கடைசியிலிருந்து வரவில்லை, வரவில்லை என்று போட்டு, பிப்ரவரி பத்தாம் தேதி சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். நீண்ட நாள் வராததால் பெயர் நீக்கம். பதினொன்றாம் தேதி செத்த பிள்ளையைப் பத்தாம் தேதியே பள்ளியிலிருந்து அனுப்பிவைத்தாயிற்று. ஸ்கேல் வைத்து இழுத்த கோடு, ஒரு பிசிறு இல்லை.

ஜெபப் புத்தகம் வாசிக்கிற அளவுக்குச் சவரியம்மாளுக்கு எழுத்து தெரியும். பதிவேட்டைத் தூக்கிப்போகும்போது அட்டை புதிதாக இருக்கிறதே என்று பிரித்துப் பார்த்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

அதையும் அவள் முழுங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீராயி வந்திராவிட்டால் முழுங்கித்தான் இருப்பாள்.

வீராயி வந்தது ஒரு டிராயிங் நோட்டுக்காக. மகள் அதில் கிளி வரைந்திருப்பதாகச் சொன்னாளாம், அதை வாங்கிப் போக வந்தாள். தலைமையாசிரியர் கணக்குப் போட்டார். இவள் அழுது ஊரைக் கூட்டினால் கேடயம் போச்சே! பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, அந்தப் பக்கத்தை விரித்து, எழுத்தறியாத அந்தப் பொம்பிளைக்கு விரல் வைத்துக் காட்டினார்.

"இதப் பாரும்மா. உங்க பொண்ணு அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவே பள்ளிக்கூடத்துக்கு வரல. பேரே எடுத்தாச்சு. எங்க சுத்திட்டு இருந்துச்சோ, எங்களுக்கென்ன தெரியும்?"

வீராயி அழவில்லை. நோட்டையும் கேட்கவில்லை. வெளியே வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சவரியம்மாள் அவசரமாகப் போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, தெனமும் சடை பின்னி, பொட்டு வெச்சி அனுப்பினேனே. பள்ளிக்கூடம் போறேன், போறேன்னு சொல்லிட்டு எங்க போயிகினு இருந்துச்சு அது? என்கிட்ட பொய்யச் சொல்லிட்டுத்தானா செத்துப்போச்சு?"

"அடியே, என்னா பேசற நீ! என் கையப் புடிச்சிகினுதான் தெனமும் வந்தா. நான்தானடி கூட்டியாந்தேன்."

"நீ என் மனசத் தேத்தறதுக்குச் சொல்ற. படிச்சவங்க நோட்டுல பொய்யா எழுதி வெப்பாங்க?"

இதுதான் சவரியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. செத்த பிள்ளை செத்தது. அதை யார் மீட்க முடியும்? ஆனால் பெற்றவள் மனசில் அந்தப் பிள்ளையைத் திருட்டுக் கழுதையாக ஆக்கிவிட்டார்களே, ஒரு பித்தளைக் கேடயத்துக்காக. வீராயி அன்றைக்கு வீட்டுக்குப் போய், மகளுடைய புத்தகப் பையை அடுப்பில் போடப் போனாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடுங்கி வைத்தார்கள். ஊரிலும் குசுகுசுவென்று பேச்சுக் கிளம்பிவிட்டது. சவரியம்மாள் எத்தனை முறை சத்தியம் பண்ணினாலும் ஆயா சொல் நோட்டுச் சொல்லுக்கு ஈடாகவில்லை. நோட்டுக்காரர்களே வாயைத் திறந்தால்தான் உண்டு.

மார்ச் ஏழு, வெள்ளிக்கிழமை. முந்நூற்று அறுபத்தைந்து. பாதுகாப்பு வாரத்தின் கடைசி நாள், கேடயம் வழங்கும் விழா. பந்தல், மைக், வாடகைக்கு எடுத்த சிவப்புக் கம்பளம், சங்கத் தலைவருக்கு உயரமான நாற்காலி. அப்பாவின் ஜீப்பில் பள்ளிக்கு வந்துபோகிற ஒரு பையன் சாலையைக் கடப்பது எப்படி என்று பேசி முதல் பரிசு வாங்கினான். இந்த வாரத்தில் பிள்ளைகள் எழுதிய வாசகங்கள் கயிறு கட்டித் தொங்கின. எல்லா வாசகமும் பிள்ளைகளைத்தான் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னது. லாரிக்காரனுக்கு ஒரு வாசகமும் இல்லை.

சவரியம்மாள் வீராயியைக் கையோடு கூட்டிவந்திருந்தாள். எதற்கு என்று சொல்லவில்லை. வேப்பமரத்துக்குப் பக்கத்தில், தண்டவாளத் துண்டுக்கு அருகில் நிற்கவைத்தாள்.

பரிசெல்லாம் முடிந்து, கேடயத்துக்கு முன்னால் ஒரு அஞ்சலி. தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். "உலகெங்கிலும் சாலை விபத்துகளில் உயிர்நீத்த சகோதர சகோதரிகளுக்காக இரண்டு நிமிட மௌன அஞ்சலி. மணி அடித்ததும் எழுந்து நிற்கவும். மறுபடி மணி அடித்ததும் அமரவும்."

உலகெங்கிலும்! உலகம் பூராவும் செத்தவர்களுக்கு இவர் நிற்பார். ஆர்ச்சுக்கு எதிரே செத்தது மட்டும் எல்லைக்கு வெளியே.

சவரியம்மாள் ஓங்கி ஒரு போடு போட்டாள். அறுநூறு பிள்ளைகளும் பெரியவர்களும் எழுந்து நின்றார்கள்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்றாயிற்று. அவள் கம்பியைக் கீழே தொங்கவிட்டபடி நின்றாள். சுரங்கத்துச் சங்கொலி கேட்டு எழுந்து, சங்கொலி கேட்டு வேலைக்குப் போய், சங்கொலி கேட்டுச் சோறு தின்கிற ஊர் அது. மணி அடிக்காமல் உட்காரலாமா கூடாதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நாலு நிமிஷம். சங்கத் தலைவர் கால் மாற்றி நின்றார், வழுக்கைத் தலையில் வியர்வை வழிந்தது. தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார், பிறகு கையைக் காட்டினார். சின்னப் பிள்ளை ஒன்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. ஐந்து நிமிஷம்.

"மணி அடி!" என்றார் தலைமையாசிரியர். மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது.

"அடிக்கறேன் சார். யாருக்கு நிக்கறோம்னு ஒரு பேரு சொல்லுங்க, அடிக்கறேன்."

"எல்லாருக்கும்தான். சொன்னேனே."

"எல்லாரும் வாணாம் சார். ஆறாவது பி. அதுல ஒரு பேரு சொல்லுங்க."

தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். மூடினார். சொல்ல மனசில்லாமல் மூடவில்லை. அவருக்குப் பெயர் தெரியவில்லை. ஒரு முழுப் பதிவேட்டையே மாற்றி எழுதவைத்த மனிதருக்கு எந்தப் பெயருக்காக மாற்றினோம் என்பது ஞாபகம் இல்லை. திரும்பிப் பழனிவேல் மாஸ்டரைப் பார்த்தார்.

"எந்தப் பேருப்பா அது?" என்று கேட்டார் சங்கத் தலைவர்.

பழனிவேல் மாஸ்டர் மைக்குக்கு வந்தார். "அம்சவல்லி. ஆறாம் வகுப்பு பி பிரிவு" என்றார்.

தலைமையாசிரியர் நிம்மதியாக மூச்சு விட்டார், இத்தோடு விட்டது சனியன் என்று. சவரியம்மாள் கம்பியைத் தூக்கவில்லை.

"வந்துகினு இருந்துச்சா, இல்ல வரலியா? அதையும் சொல்லுங்க சார். அவங்கம்மா இங்கதான் நிக்குது."

மாஸ்டர் வேப்பமரத்துப் பக்கம் பார்த்தார். "வந்தாள்" என்றார். "ஒருநாள்கூட தவறல. கடைசி நாளும் இங்கதான் வந்துக்கிட்டு இருந்தா. பதிவேட்டுல மாத்தி எழுதினது நான்."

அப்போதுதான் அவள் அடித்தாள். அந்த அடியில் கயிறு அறுந்து தண்டவாளத் துண்டு கீழே விழுந்தது.

இதற்குப் பிறகு கேடயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள் ஐயா, கொடுத்தார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சடித்தாகிவிட்டது, கேடயத்தில் பள்ளியின் பெயர் பொறித்தாகிவிட்டது, போட்டோக்காரர் வந்தாகிவிட்டது. தலைமையாசிரியர் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். கை தட்டினார்கள். நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் விறைப்பாக நின்றார்கள்.

பந்தல் பிரிக்கும்போது சவரியம்மாளைக் கூப்பிட்டனுப்பினார்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"சரிங்க சார். நாளைக்குன்னே எழுதுங்க. போன மாசத்துலயே வரலன்னு எழுதிடாதீங்க."

வெளியே வந்தவள் நேரே பலகைக்குப் போனாள். மூன்றையும் ஆறையும் ஐந்தையும் கழற்றினாள். நடு ஆணியில் சைபரை மாட்டினாள். மிச்சமிருந்த தகடுகள் அத்தனையையும் பெட்டியோடு முந்தானையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் மாட்டுவதற்கு வேறு எண் இல்லை. புதுத் தகடு எழுதுமய்யா என்று தலைமையாசிரியர் கேட்கும்போதெல்லாம் பழனிவேல் மாஸ்டர், "பெயிண்ட் வரல சார்" என்றார். அந்த வருஷம் முழுக்கப் பெயிண்ட் வரவில்லை. உள்ளே கண்ணாடி அலமாரியில் கேடயமும் வெளியே வாசலில் சைபருமாகப் பள்ளி நடந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பொம்பிளைகளும் வடக்குத்துக்கு நடந்தார்கள். மாஸ்டர் தேடி எடுத்துக் கொடுத்த டிராயிங் நோட்டு வீராயியின் கையில் இருந்தது. கிளியைப் பார்த்துப் பார்த்து மூடினாள். வழியெல்லாம் அழுதாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "எம்பொண்ணு பொய் சொல்லல" என்று நாலைந்து தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சவரியம்மாளுக்கு வேலை போனதுகூட உறைக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

ஆர்ச்சைத் தாண்டிப் பெரிய ரோட்டு ஓரத்தில் நின்றார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வீராயி திரும்பினாள்.

"அக்கா, தெனமும் நீதான கூட்டியாருவ. அன்னிக்கு மட்டும் ஏன் வரல?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் இருபத்துநாலு நாளாக அவள் வீராயியின் கண்ணைப் பார்க்காமல் இருந்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று யாரும் எந்த நோட்டிலும் எழுதிவைக்கவில்லை.

"பலகையத் தொடைக்க சீக்கிரமா வரச் சொன்னாங்க. போயிட்டேன்" என்றாள் சவரியம்மாள்.

வீராயி நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பஸ் போகும்வரை நின்று, அவள் பாட்டுக்குத் தனியாகக் கடந்து போய்விட்டாள்.

அடுத்துப் பள்ளி நடந்த நாள் காலை எட்டே காலுக்குப் பதின்மூன்று பிள்ளைகள் ரோட்டோரம் வந்து நின்றார்கள். சவரியம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நடு ரோட்டில் நின்றிருந்தாள். இனிமேல் அவளைப் பலகை துடைக்க யாரும் கூப்பிட முடியாது.